துள்ளாதவை

யால்மரியின் லித்தியம் சொல்லாமல் போய்விட்டது.
உறைந்த ஆற்றைக் கடக்கும்வரை
ஒவ்வொரு முயல் தடத்தையும் எண்ணிக் காட்டிய வெளிச்சம்
கரையேறியதும் இல்லை.
மங்கவில்லை, சிமிட்டவில்லை.
கடையில் அவன் பெருமையாகச் சொன்னதும் இதைத்தான்:
குளிருக்கு அசையாது, கடைசி நிமிடம்வரை ஒரே ஒளி.
கடைசி நிமிடம் எதுவென்று
அட்டையில் அச்சிட்டிருக்கவில்லை.

சைமியின் நெற்றியில் இருந்தது மலிவு ஆல்கலைன்.
குளிரில் பாதி உயிர்தான்,
ஆனால் முன்கூட்டியே புலம்பத் தொடங்கிவிடும்.
முதலில் மஞ்சள், பிறகு ஆறிப்போன தேநீர்,
பிறகு அவள் பூட்ஸின் முனை மட்டும்.
அந்த முனையின் பின்னால் நடந்துதான்
மூவரும் குடிசைக்கு வந்து சேர்ந்தோம்.

என்னுடையது சார்ஜ் செய்கிற வகை.
கடைசியாக எப்போது செய்தாய் என்று சைமி கேட்டாள்.
நான் அடுப்பு மூட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

இனாரிக்கு வடக்கே, பூட்டில்லாத குடிசை.
யாரும் வந்து இரவு தங்கலாம்,
போகும்போது விறகு பிளந்து வைக்கவேண்டும்.
சூரியன் வர இன்னும் பன்னிரண்டு நாள்.
ஜன்னலடியில் ஒரு காபி டப்பா,
அதில் முன்னால் வந்தவர்கள் மனமிரங்கி விட்டுப்போன
பதினேழு பேட்டரிகள்.
சுமக்கச் சோம்பல்பட்டு என்றும் சொல்லலாம்.

எங்களுக்கு மூன்று வேண்டும்.
டப்பாவை அடுப்பருகே வைத்தேன், அடுப்பின்மேல் அல்ல.
உறைந்த பேட்டரியிடம் உண்மை கேட்கக் கூடாது.
சூப் கொதித்து முடிந்தபின் மேசையில் கொட்டினேன்.
ஐந்து, பின்புறம் உப்புப் பூத்துக் கசிந்தவை.
இரண்டு, எங்கள் விளக்கில் நுழையாத தடியன்கள்.
மீதி பத்தையும் ஒவ்வொன்றாய்
இரண்டு விரல் உயரத்திலிருந்து நெட்டாக விட்டேன்.
யால்மரி சிரித்தான்.
காலியானது துள்ளும், உருண்டு மேசைக்கடியில் ஓடும்.
நிறைந்தது தொப்பென்று நிற்கும்,
வயிறாரச் சாப்பிட்டு எழ மறுக்கும் ஆள்போல.
உன் லித்தியத்துக்கு இது செல்லாது, அது எப்போதும் நடிக்கும்,
என்றேன். சிரிப்பு நின்றது.

துள்ளியது. துள்ளியது.
நின்றது.
அடியில் சிவப்பு நகப்பூச்சு, ஒரு புள்ளி.
துள்ளியது, துள்ளியது, அரைகுறையாய்த் துள்ளியது.
இன்னொன்று நின்றது. அதே சிவப்பு.
மூன்றாவது சிவப்பைத் தேடி
டப்பாவைத் தலைகீழாகத் தட்டினேன்.
காபித் தூள்தான் விழுந்தது.

சைமி வருகையேட்டைப் புரட்டி உரக்கப் படித்தாள்.
நவம்பர் பதினொன்று. ஹில்லெவி, ஒரு நாயுடன்.
"புதியவை மூன்று வைத்திருக்கிறேன். தயவுசெய்து பிரிக்காதீர்கள்."
அதன்கீழ் பென்சிலில், வேறு கை:
"ஒன்று மட்டும் எடுத்தேன். பதிலுக்கு என் பழையது. மன்னிக்கவும். ஓ. ல."

ஓ. ல. என்பவர் யார் என்று
விறகு ஒன்று முழுதாய் எரியும்வரை பேசினோம்.
பாதி பேச்சு அச்சிலேற்றத் தக்கதல்ல.

இரண்டு சிவப்பும் ஒரு பழையதும் போடலாமே, என்றான் யால்மரி.
போடலாம். முதலில் நன்றாகவே எரியும்.
பிறகு புதியவை இரண்டும் பழையதை இழுத்துக்கொண்டு ஓடும்,
அது வற்றி, தலைகீழாகி,
ராத்திரியோடு ராத்திரியாக விளக்குக்குள் கசியும்.
வரிசையில் நிற்கும் மூன்றில்
மெலிந்ததுதான் கணக்கு எழுதும்.

கடைசியில் அரைகுறையாய்த் துள்ளிய மூன்றை எடுத்தேன்,
ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே களைப்பு.
சைமியின் விளக்கு தேநீர் நிறத்துக்குத் திரும்பியது.
அதை மாட்டிக்கொண்டு யால்மரி விறகுக்குப் போனான்.
கொட்டகையைச் சுற்றி ஒரு பழுப்புப் புள்ளி நகர்ந்தது,
மறைந்தது.
நாங்கள் ஜன்னலில் மூச்சைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம்.
கோடரிச் சத்தம் கேட்டதும்
சைமி சூப்பை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

சிவப்பு இரண்டையும் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு
ஏட்டில் எழுதினேன்:
"இரண்டு நல்லவை இருக்கின்றன. மூன்றாவது
உங்களிடம் இருக்கிறது, ஓ. ல."
மன்னிப்பு பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் சைமி.
பென்சில் முனை ஒடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.